சிக்கு மரத்து விசிறிவால்

வைத்தீஸ்வரன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு லென்ஸ் வாங்கினார். அதன் விலையை அவர் மனைவி ருக்கு இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தன்னைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த லென்ஸுக்குப் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாய், பட்டாளத்து உடுப்பு போல ஓர் உறை வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. அதே துணியில் ஒரு பேன்ட், ஒரு சட்டை, ஒரு தொப்பி வாங்கிக்கொண்டார். பறவைகளின் கண்ணில் படாமல் இருப்பதற்காம். அந்த உடுப்போடு மாட்டுங்கா மார்க்கெட்டில் நின்று வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பார். பறவைகள் விஷயம் எப்படியோ, மாட்டுங்காவில் அவரைப் பார்க்காதவர்கள் பாக்கி இல்லை.

மூன்று வருஷமாக ருக்குவும் கூடப் போய்க்கொண்டிருந்தாள். முக்காலியின் ஒரு காலைப் பிடிக்க, காபி பிளாஸ்க்கைச் சுமக்க, மழை வந்தால் குடை பிடிக்க. குடை அவருக்கல்ல, லென்ஸுக்கு. ஆனால் கண்ணில் எதையும் ஒட்டவைத்துக்கொள்ளாததால் பறவைகளைப் பார்த்தவள் அவள்தான். அவர் பார்த்ததெல்லாம் கேமராவின் முதுகிலிருந்த குட்டித் திரையை. பறவை பறந்து போன பிறகு எல்லோரும் தலையைக் குனிந்து அந்தத் திரையைத்தான் ஆராய்வார்கள். மேலே இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கும். ருக்கு சொல்ல மாட்டாள்.

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கூத்து உண்டு. குளிர்காலத்தில் சிவ்ரி சேற்றங்கரையில் பூநாரைகள் வந்து இறங்கும். நாற்பது பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று, ஒரே பூநாரையை ஒரே கோணத்தில் எடுத்து, சாயங்காலம் நாற்பது விதமான தலைப்பில் போடுவார்கள். கடற்காகங்களுக்குப் படகு. படகில் ஒருவர் கடலைமாவுக் காட்டியாவைப் பொட்டலம் பொட்டலமாகக் காற்றில் வீசுவார். பாவப்பட்ட பறவைகள் எங்கோ பனிப் பிரதேசத்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து எண்ணெய்ப் பலகாரம் தின்னும். படத்தில் காட்டியாவைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள். தாராவிப் பக்கம் கழிமுகத்தில் ஒருநாள் ஒரு நாரையின் காலில் பால் பாக்கெட் சிக்கியிருந்தது. வைத்தீஸ்வரன் மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு எழுபது படம் எடுத்தார். வீட்டுக்கு வந்து அந்தப் பாக்கெட்டையும் அழித்தார். நாரையின் காலில் அது அப்படியே இருந்தது.

கோடையில் கல்யாணுக்கு அப்பால் யாருடைய தோட்டத்திலோ மண்சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு, தார்ப்பாய்க்குப் பின்னால் ஒளிந்து உட்காருவார்கள். பறவை வந்து உட்கார வேண்டிய குச்சி கூட இவர்கள் கொண்டுபோனதுதான். பாசி படிந்த, அழகான வளைவுள்ள குச்சி. அதைக் காரின் டிக்கியில் போட்டு வைத்திருப்பார்கள். போன மழைக்காலத்தில் குள்ள மீன்கொத்தி. மண்மேட்டில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்திருந்தது. அதற்கு எதிரே பதினைந்து பேர். மீன்கொத்தி வாயில் ஓர் அரணையைக் கவ்விக்கொண்டு வந்து ஒரு வேரின் மேல் உட்கார்ந்தது. வளைக்குள் போகப் பயந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. ருக்கு குடை பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி பத்து நிமிஷம். உள்ளே குஞ்சுகள் கத்துவது அவளுக்குக் கேட்டது. அன்றைக்கு எடுத்த படத்துக்கு வைத்தீஸ்வரன் 'பொறுமை' என்று பெயர் வைத்தார். தன்னுடைய பொறுமையைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த லட்சணத்தில் அவர்களுடைய பறவைக் குழுவுக்கு விதிமுறைகள் வேறு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் ஒரு சிறிய ஹாலில் கூடுவார்கள். இட்லி முடிந்ததும் செயலாளர் நம்பிராஜன் எழுந்து விதிகளை வாசிப்பார். தாணேயில் வீடு, பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், தொண்டையைச் செருமினாலே மைக் வைத்த மாதிரி இருக்கும். கூடுகளுக்கு அருகே போக மாட்டோம், கூட்டைப் படம் எடுக்க மாட்டோம் என்பது நான்காவது விதி. வாசித்துவிட்டு விளக்கை அணைப்பார்கள். மூன்றாவது படமே ஏதாவது ஒரு கூடாக இருக்கும். "தூரத்திலேர்ந்து எடுத்தது" என்று படம் எடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தோஷம் கழிந்துவிடும்.

இன்னொரு வழக்கத்தை மட்டும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். பறவை இருக்கிற இடத்தை யார் சொன்னார்களோ அவர்கள் பெயரைப் படத்தின் அடியில் 'தகவல்' என்று போட வேண்டும். ஒருமுறை தன் பெயரைப் போட மறந்ததற்காக வைத்தீஸ்வரன் இரண்டு மாதம் நம்பிராஜனோடு பேசவில்லை. அறுபது தாண்டிய ஆண்பிள்ளைகள்.

ருக்குவுக்குச் சொந்தமென்று ஒரு இடம் இருந்தது. செம்பூரில் மகள் வந்தனாவின் வீடு. வந்தனாவும் மாப்பிள்ளையும் ஒரு வருஷ வேலையாகப் பெங்களூர் போயிருந்தார்கள். தரைத்தளத்து வீடு, பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்று ருக்கு திங்கள், புதன், வெள்ளி பஸ் ஏறிப் போய் ஜன்னல்களைத் திறந்து வைத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே கையகல மண்ணில் ஒரு சிக்கு மரம். அதற்குச் சப்போட்டா என்று ஊர்ப்பக்கம் பெயர். தாழ்ந்து, அடர்ந்து, வெயிலே உள்ளே புகாத மரம்.

மே மாதத்தின் நடுவில் அந்த மரத்துக்குள்ளிருந்து யாரோ சீட்டியடித்தார்கள். ஏழெட்டு சுரம், ஏறி ஏறிப் போய்க் கடைசியில் ஒரு கொக்கி. விசிறிவால் குருவி. கரும்பழுப்பு உடம்பு, வெள்ளைப் புருவம், வாலை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு கிளையில் இந்தப் பக்கம் ஒரு திரும்பல், அந்தப் பக்கம் ஒரு திரும்பல், நிலைகொள்ளாத பிறவி. நகரத்துக்கு அது அபூர்வமான பறவை அல்ல. ஆனால் அது ஒட்டடையை வாயில் எடுத்துக்கொண்டு போனதை ருக்கு பார்த்தாள். பத்து நாளில் ஜன்னலிலிருந்து எட்டடி தூரத்தில், தாழ்ந்த கிளையொன்றின் மேல், ஒட்டடையால் பூசிய ஒரு சின்னக் கிண்ணம் உருவாகிவிட்டது.

சமையலறை விளக்கைப் போடாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் மணிக்கணக்காக உட்கார்ந்தாள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் ஒன்றுக்கு வாலின் வலது பக்கத்தில் ஓர் இறகு இல்லை. விரித்தால் விசிறியில் ஒரு சந்து தெரியும். அதுதான் ஆண். கூடு கட்டுகிற நாட்களில் எது எதன் மேல் ஏறியது என்று அவள் கண்ணால் பார்த்தவள், அதில் சந்தேகமே இல்லை. முட்டை இட்ட பிறகு இரண்டும் முறைவைத்து அடைகாத்தன. ஒன்று வந்து பக்கத்துக் கிளையில் சின்னதாகக் குரல் கொடுக்கும், மற்றது எழுந்து போகும். முணுமுணுப்பு இல்லை, காபி எங்கே என்ற கேள்வி இல்லை. முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் ருக்கு பார்க்காத ஒழுங்கு அது. சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில், பால்காரர் வராத நாளைக் குறிக்கிற கட்டங்களில், எது எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதி வைத்தாள். நுணுக்கி நுணுக்கி எழுதியும் கட்டம் போதவில்லை.

இந்த விஷயம் தெரிந்த இன்னொருவர் வெயிலுமுத்து. அந்தக் காலனியில் ஐந்து கட்டிடங்களுக்கும் அவர்தான் தோட்டக்காரர். தாராவியிலிருந்து காலையில் ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். மழைக்கு முன்னால் கிளை கழிக்கிற பருவம் அது. ருக்கு அவரைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகக் காட்டினாள். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இத நான் தொடமாட்டேம்மா. நீங்க சொல்லுத அன்னைக்குத்தான் அருவா வரும்" என்றார். அத்தோடு அந்த மரத்தின் பக்கமே அவர் வரவில்லை. குழுவில் இருபத்தேழு பேர் நின்று வாசிக்கிற நான்காவது விதியை அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

வைத்தீஸ்வரனுக்கு இது தெரியக் கூடாது. ருக்குவுக்கு அந்த ஒரு மாதம் வேறு கவலை கிடையாது, வேறு சந்தோஷமும் கிடையாது. இவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மீன்கொத்தியின் வாயிலிருந்த அரணையே போதும்.

ஜூன் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. ஹாலில் வழக்கம்போல இட்லி, வழக்கம்போல நான்காவது விதி, விளக்கு அணைந்தது. வைத்தீஸ்வரன் கையில் ரிமோட்டோடு எழுந்தார். திரையில் ஒரு விசிறிவால் அடைகாத்துக்கொண்டிருந்தது. போன வருஷம் காட்டில் எடுத்தது. தலைப்பு 'தாய்மை'. தூரத்திலேர்ந்து எடுத்தது என்று சொல்லிவிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பித்தார். பதின்மூன்று நாள் தாய்ப்பறவை இரைகூட எடுக்காமல் அப்படியே தவம் கிடக்கும் என்றார். தகப்பன் பாட்டுக்குப் பாடிக்கொண்டு திரியும் என்றார். "நம்மாத்துல நடக்கற மாதிரிதான்" என்று ஒரு ஹாஸ்யமும் சேர்த்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ருக்குவுக்குப் பொறுக்கவில்லை. புகைப்படக்காரர்கள் எல்லோரும் கூட்டில் எதைப் பார்த்தாலும் தாய்மை என்று தலைப்பு வைக்கிற அசட்டுத்தனம் ஒரு பக்கம். தான் திரிந்ததை இத்தனை பேர் முன்னால் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற லட்சணம் இன்னொரு பக்கம். முப்பத்தொரு வருஷமாக அவள் மனதுக்குள் மட்டுமே அவரை மட்டம் தட்டி வந்திருக்கிறாள். அன்றைக்கு வாய் முந்திக்கொண்டது.

"அதெல்லாம் இல்லை. ரெண்டும் மாறி மாறித்தான் உட்காரும்."

"ருக்கு, இது புஸ்தகத்துல இருக்கறது" என்றார் அவர், பெரிய மனது பண்ணிச் சிரித்தபடி.

"எந்தப் புஸ்தகமோ. காலம்பற பத்தேகாலுக்கு ஆண் வந்து உட்கார்ந்தா பத்து நாப்பது வரைக்கும் நகராது. அப்புறம்தான் பெண். ஆணுக்கு வால்ல வலப் பக்கம் ஒரு இறகு கிடையாது, எனக்கு அடையாளம் தெரியும்."

இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. யாரோ கைதட்டினார்கள். முன்வரிசையிலிருந்த மானசா என்ற பெண், குழுவில் கொஞ்சம் படிக்கிறவள், "மாமி சொல்றது கரெக்ட் அங்கிள்" என்றாள். வைத்தீஸ்வரன் முகத்தில் ஈயாடவில்லை. ருக்குவுக்கு அது வெல்லப்பாகாக இனித்தது. அந்த இனிப்பு அடங்குவதற்குள் நம்பிராஜன் திரும்பிப் பார்த்து, "எங்க பாத்தீங்க மாமி?" என்று கேட்டார். எங்கேயோ பார்த்தேன் என்று சொல்லிவிட்டு அவள் இட்லிப் பாத்திரங்களை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவர் தானே டிகாக்‌ஷன் போட்டுக் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தார். நீ சொன்னதுதான் சரி, நான் தப்பாப் படிச்சுட்டேன் என்றார். அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவள் போகிற இடம் மொத்தம் மூன்று: கோயில், மார்க்கெட், செம்பூர். கண் தெரியாதவன் கூடக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் இந்த மனிதருக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வராது என்று அவள் தீர்மானித்து முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது.

புதன்கிழமை முட்டையிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்தன. மூன்று. வெள்ளிக்கிழமை தாயும் தகப்பனும் மாற்றி மாற்றிப் பூச்சி கொண்டுவந்த நேரங்களைக் காலண்டரில் எழுதினாள். ஒன்பது நாற்பது, ஆண். ஒன்பது நாற்பத்தாறு, பெண். சனிக்கிழமை வைத்தீஸ்வரன் பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறு விடிகாலையில் தாணே கழிமுகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு லென்ஸோடு கிளம்பினார். நீ தூங்கு, தினமும் அலையறே என்று கரிசனமாகச் சொன்னார்.

எட்டு மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து பாலை எடுத்தவள் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். ஆணியில் செம்பூர்ச் சாவி இல்லை.

பாலை அப்படியே வைத்துவிட்டு, கட்டியிருந்த புடவையோடு இறங்கி டாக்சி பிடித்தாள். சயான் சிக்னலில் வண்டி நின்றபோது தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் கழித்துப் பொத்தி என்ன பிரயோஜனம்?

வந்தனா வீட்டு வாசலில் பதினோரு ஜோடி ஷூக்கள் வரிசையாக இருந்தன. அடுத்தவர் வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்த மரியாதைக்காரர்கள். உள்ளே கூடத்தில் நாலைந்து பேர் தங்கள் முறைக்காகக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். சமையலறையில் இரண்டு முக்காலிகள். அடுப்பு மேடையின் மேல் கூட ஒரு லென்ஸ். நம்பிராஜன் கையில் ஆணியிலிருந்து கழற்றிய காலண்டரை வைத்துக்கொண்டு, "நைன் ஃபார்ட்டி, ஆண் வரணும். எல்லாரும் ரெடி" என்று கிசுகிசுத்தார். அவளுடைய கையெழுத்தை ரயில்வே டைம்டேபிள் மாதிரி படித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே சிக்கு மரத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. கூட்டைச் சுற்றி ஒரு முழத்துக்கு இலையே இல்லை. இரண்டு கிளைகளைத் துணிக் கிளிப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள், மற்றவற்றை வெட்டியிருந்தார்கள். கூட்டின் மேல் நேராக வெயில் விழுந்தது. ஜன்னல் திட்டில் அவள் பால் பாக்கெட் வெட்டுகிற சின்னக் கத்திரிக்கோல் கிடந்தது. அதன் அலகில் சிக்குப் பால் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"வா வா ருக்கு, சத்தம் போடாதே" என்றார் வைத்தீஸ்வரன், அந்தப் பட்டாளத்து உடுப்பில், முகமெல்லாம் பூரித்து. "உன் நோட்ஸ் ஏக்தம் பர்ஃபெக்ட். நிமிஷம் தப்பலை."

கத்த வேண்டும் என்று இருந்தது. கத்தினால் பறவை மிரண்டு போகும். அந்தக் கேவலமும் அன்றைக்கு அவளுக்கு நேர்ந்தது. அவர்களைத் திட்டவும் அவர்களைப் போலவே கிசுகிசுக்க வேண்டியிருந்தது. "வெளியே போங்கோ" என்று கிசுகிசுத்தாள். "ஃபைவ் மினிட்ஸ் மாமி" என்று நம்பிராஜனும் கிசுகிசுத்தார். வெளியே மதில் மேல் ஆண் விசிறிவால் வாயில் பூச்சியோடு வந்து உட்கார்ந்தது. வாலை விரித்தது, சந்து தெரிந்தது. ஒரு தடவை கூட்டுக்குப் போய்க் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தது. அதற்குள் மூன்று கேமராக்கள் ஆயிரம் தடவை கடகடத்தன. அதன் பிறகு அது வரவில்லை. ருக்கு லென்ஸுகளுக்கு முன்னால் போய் நின்று ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

யாரும் சண்டை போடவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஷூவைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவராக வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். வைத்தீஸ்வரன் எல்லோருக்கும் காலை டிபன் வாங்கித் தருவதாக அழைத்துக்கொண்டு போனார்.

வெயிலுமுத்து பின்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் ஒரு சாக்கும் கயிறும் கொண்டுவந்தார். கூட்டுக்கு மேலே நிழலாக இருவரும் சாக்கைக் கட்டினார்கள். வெட்டிய கிளைகளில் இலை உள்ளதாகப் பார்த்து அவர் செருகினார்.

"சாரு என்னையத்தான் வெட்டச் சொன்னாவ. அம்மா சொல்லாம தொடமாட்டேன்னுட்டேன். பொறவு அவியளே கத்திரிக்கோல எடுத்தாவ" என்றார். அடுத்த கிளையைச் செருகிக்கொண்டே, "ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கலம்மா. இது நம்ம ரெண்டு பேருக்குத்தான தெரியும். நான் வாயத் தொறக்கல."

"நான்தான் சொன்னேன், வெயிலுமுத்து."

"எதுக்கும்மா?"

பதினோரு பேரிடம் சொல்ல அவளுக்கு வார்த்தைகள் இருந்தன. இந்த ஒரு மனிதரிடம், புருஷனை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டினால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று ருக்கு மாட்டுங்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. மத்தியானம் வரை எந்தப் பறவையும் வரவில்லை. நாலு மணிக்குப் பெண் வந்தது, அப்புறம் ஆணும் வந்தது. கூட்டில் மூன்று வாய்களும் திறந்தன. ருக்கு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினாள். ஆனால் சாக்கு மேலேதான் மறைத்தது. பக்கவாட்டில் மறைத்த இலைகளை யாரும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. திங்கட்கிழமை காலையில் அவள் ஜன்னலைத் திறக்கும்போதே மதில் மேல் காக்கை உட்கார்ந்திருந்தது. அவள் சமையலறையைச் சுற்றிப் பின்வாசலைத் திறந்து ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு விசிறிவால்களும் காக்கையின் முதுகில் விழுந்து விழுந்து கொத்தின. ஆண் வாலை விரித்துக்கொண்டு மதில் வரைக்கும் துரத்திப் போனது. அந்தச் சின்ன உடம்பால் அவ்வளவுதான் முடியும்.

உள்ளே வந்து காலண்டரில் திங்கட்கிழமைக் கட்டத்தில் எழுதினாள். மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வைத்தீஸ்வரன் குஞ்சுகள் என்ன ஆயிற்று என்று ஒருநாள் கூடக் கேட்கவில்லை. படங்களைக் கம்ப்யூட்டரில் துடைத்துத் துடைத்து மினுக்கிக்கொண்டிருந்தார். ருக்கு சமைத்தாள், பரிமாறினாள், பேசவில்லை. அவள் பேசாதது அவருக்குத் தெரிந்ததாகவும் தெரியவில்லை. முன்பென்றால் இந்த மனிதரைப் பற்றி மனதுக்குள் பத்து வாக்கியம் ஓடியிருக்கும். இப்போது பாதியிலேயே வெயிலுமுத்துவின் கேள்வி குறுக்கே வந்து நின்றது.

ஜூலை முதல் ஞாயிறு. வெளியே மழை கொட்டியது. ஹாலில் ஈரக் குடைகள், இட்லி, நான்காவது விதி. விளக்கை அணைத்தார்கள். வைத்தீஸ்வரன் ரிமோட்டை அமுக்கினார்.

படம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வெயில் பட்டுக் கூடு பொன்னாக மின்னியது. மூன்று வாய்கள் ஆரஞ்சு நிறத்தில் திறந்திருந்தன. விசிறி முழுவதும் விரிந்து, வலது பக்கத்தில் அந்தச் சந்து. கூட்டின் ஓரத்தில், வெட்டிய காம்பு ஒன்றில், ஒரு சொட்டு வெள்ளைப் பால். அதை அழிக்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்காது, அது என்னவென்று தெரிந்தால்தானே. தலைப்பு 'தந்தைமை'. அதற்குக் கீழே, பளிச்சென்று: தகவல், ருக்மிணி வைத்தீஸ்வரன்.

கைதட்டல் ஹாலை அடைத்தது. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துத்தான் தட்டினார்கள். என் தப்பை என் சகதர்மிணி திருத்தினாள் என்று வைத்தீஸ்வரன் நெகிழ்ந்து போய்ச் சொன்னார். தூரத்திலேர்ந்து எடுத்தது என்பதையும் மறக்காமல் சொன்னார். குஞ்சுகள் என்ன ஆச்சு அங்கிள் என்று மானசா கேட்டாள்.

"ஒரே வாரத்துல பறந்து போயிடுத்து. மூணும்" என்றார்.

நம்பிராஜன் சிரித்துக்கொண்டே கடைசி வரிசையைப் பார்த்தார். "மாமி, போன தடவை மாதிரி ஏதாவது கரெக்‌ஷன் உண்டா?"

ருக்கு எழுந்தாள். கைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தாள். இருட்டில் எழுத்துத் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை.

"உண்டு. திங்கட்கிழமை, காலம்பற ஆறு நாப்பது. காக்கா. மூணையும்" என்றாள். "இலையை வெட்டினது என் கத்திரிக்கோல். நேரம் பார்த்துக் கொடுத்தது என் காலண்டர். இடத்தைச் சொன்னது இந்த ஹால்ல, இதே நாற்காலியில உட்கார்ந்துண்டு, என் வாய். நீங்க எல்லாரும் கை தட்டினேள், எனக்கும் நன்னாத்தான் இருந்தது."

வைத்தீஸ்வரன் அவசரமாக ரிமோட்டை அமுக்கினார். திரையில் பூநாரைகள் வந்தன, சிவ்ரி, இளஞ்சிவப்பாக.

"ஒரு படம் பின்னால போங்கோ" என்றாள் ருக்கு. "அந்தப் படத்துல வேற எதுவும் நிஜமில்லை. அந்தப் பேரை மட்டும் எல்லாரும் நன்னா படிக்கட்டும்."